போன் (எலும்பு) ஸ்கேன்ல ‘ஹாட் ஸ்பாட்’ வந்தா கேன்சரா? முதுகெலும்புக் கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்குற ஸ்கேன் பத்தி

போன ஆடி மாசம், தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருக்குற சாட்ஸ்வர்த்ல, எங்க கோயில்ல மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துற அன்னைக்கு, சாப்பிட உக்காந்த எடத்துல எங்க பெரியம்மாவைப் பத்திப் பேச்சு வந்துச்சு. முதுகெலும்புல கட்டி இருக்கு, ஆபரேஷன் பண்றதா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி போன் ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு சர்ஜன் எழுதிக் குடுத்திருந்தாரு. உடனே ஒரு ஆன்ட்டி, “அது நியூக்ளியர் சமாச்சாரம், உடம்பு பூரா ரேடியேஷன் ஏறிக்கும், எடுக்கவே எடுக்காதீங்க”ன்னாங்க. பக்கத்துல இருந்த மாமா, “எங்க அண்ணனுக்கு எடுத்தாங்க, மூணு எடத்துல லைட்டு எரிஞ்சுது, மூணு எடத்துலயும் கேன்சர்னு அர்த்தம், அதோட கைய விரிச்சுட்டாங்க”ன்னாரு. இன்னொருத்தங்க, “எனக்கும்தான் போன வருஷம் எடுத்தாங்க, எலும்பு தேஞ்சிருக்குன்னு கால்சியம் மாத்திரை குடுத்தாங்க, அவ்வளவுதான், இதுக்குப் போயி ஏன் இவ்வளவு பேச்சு”ன்னாங்க.

நான் டர்பன்ல ஒரு ஆஸ்பத்திரியில நியூக்ளியர் மெடிசின் டிபார்ட்மென்ட்ல ரேடியோகிராஃபரா வேலை செய்றேன், இந்த ஸ்கேனைத்தான் தினமும் எடுக்குறேன். மூணு பேரு சொன்னதும் சரியில்ல, ஆனா மூணு பேரும் வேணும்னு தப்பா சொல்லல, யாரும் அவங்களுக்கு உக்காந்து வெளக்கல, அதான் விஷயம். பெரியம்மா முகத்தைப் பாத்தேன், அவங்க கூழ் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்களுக்குச் சொன்னதையே இங்க எல்லாருக்கும் எழுதுறேன்.

முதல்ல, எது போன் ஸ்கேன், எது இல்ல

மூணாவதா பேசுனவங்களுக்குப் பதில் சொல்றது சுலபம். எலும்பு எவ்வளவு கெட்டியா இருக்கு, தேஞ்சிருக்கான்னு அளந்து பாக்குறதுக்குப் பேரு டெக்ஸா. அது ரொம்ப லேசான எக்ஸ்ரே, பெரும்பாலும் இடுப்பையும் கீழ் முதுகையும் பாத்துட்டு சீக்கிரமே அனுப்பிடுவாங்க. அதையும் ஜனங்க போன் ஸ்கேன்னு சொல்றாங்க, அங்கதான் குழப்பம். நான் பேசுறது வேற. கையில ஒரு ஊசி போட்டு, ரெண்டுல இருந்து நாலு மணி நேரம் காத்திருக்க வெச்சு, அப்புறம் தலையில இருந்து கால் வரைக்கும் படம் எடுக்குறது. கட்டி விஷயத்துல டாக்டர் ‘போன் ஸ்கேன்’னு எழுதுனா அது இதுதான்.

எலும்பு கல்லு இல்ல

முதுகெலும்பு ஒத்த எலும்பு இல்ல. நம்ம முன்னோருங்க நேட்டால் தோட்டத்துல வெட்டுன கரும்பை நெனச்சுக்கோங்க, அது மாதிரி கணு கணுவா அடுக்கியிருக்கு. புஸ்தகத்துல முள்ளெலும்புன்னு எழுதுவாங்க, நான் கணுன்னே சொல்றேன். அடுக்குக்குள்ள ஒரு குழாய் மாதிரி வழி இருக்கு, அது வழியா மூளையில இருந்து கீழ எறங்குற நரம்புக் கத்தைக்குப் பேரு தண்டுவடம். கட்டி வந்து கணுவைத் தின்னா வலி, தண்டுவடத்தை அமுக்குனா காலு போயிடும், அதனாலதான் முதுகெலும்புக் கட்டின்னா இவ்வளவு பதட்டம்.

இன்னொண்ணும் இப்பவே சொல்லிடணும். பெரியவங்களுக்கு முதுகெலும்புல வர்ற கேன்சர் பெரும்பாலும் அங்கயே பொறந்தது இல்ல. மார்பு, ப்ராஸ்டேட், நுரையீரல், கிட்னி, தைராய்டு இப்படி வேற எங்கயோ பொறந்து ரத்தத்தோட வந்து எறங்குனது. இப்படி எடம் மாறி வந்து தங்குன கட்டிக்கு மெட்டாஸ்டாசிஸ்னு பேரு. எலும்புக்குப் பரவுற கேன்சர் ரொம்ப அடிக்கடி போயி உக்கார்ற எடம் முதுகெலும்புதான். பெரியம்மாவுக்கு ஒம்போது வருஷம் முன்னாடி மார்புல கேன்சர் வந்து ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க, அதனாலதான் சர்ஜனுக்கு உடனே அந்த சந்தேகம்.

சரி, எலும்புக்கு வருவோம். வெளிய பாக்க கல்லு மாதிரி இருந்தாலும் எலும்பு உசுரோட இருக்குற வீடு. ஒரு வகை செல்லு பழசை இடிச்சுக்கிட்டே இருக்கும், இன்னொரு வகை செல்லு புதுசாக் கட்டிக்கிட்டே இருக்கும். பெரியவங்க உடம்புல வருஷத்துக்கு ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுசா மாறிடுது. அடிபட்டாலோ, கிருமி வந்தாலோ, கட்டி வந்து கடிச்சாலோ, அந்த எடத்துல கட்டுற செல்லுங்க கூட்டமா வந்து வேலை செய்ய ஆரம்பிச்சுடும்.

2022 ஏப்ரல்ல டர்பன்ல வந்த வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் மாசக்கணக்கா ரோடு, பாலம், வீடுன்னு ரிப்பேர் நடந்துச்சு. இப்ப ஒரு கற்பனை பண்ணிக்கோங்க, ராத்திரி நேரம், ஊரு பூரா கரென்ட் இல்ல, நீங்க மேட்டுல நின்னு பாக்குறீங்க, வீடு எதுவும் தெரியல. ஆனா சிமெண்ட் ஏத்திக்கிட்டு வர்ற ஒவ்வொரு லாரி மேலயும் ஒரு மஞ்ச லைட்டு கட்டியிருக்கு. எங்க லைட்டு கூட்டமா நிக்குதோ அங்க ரிப்பேர் நடக்குதுன்னு தெரியும். அங்க இடிஞ்சது வெள்ளத்துலயா, தீப்பிடிச்சா, இல்ல யாராச்சும் புதுசா ஒரு ரூம்பு கட்டுறாங்களான்னு லைட்டை வெச்சு சொல்ல முடியாது.

போன் ஸ்கேன் முழுக்க முழுக்க இதுதான். அது கட்டியைப் பாக்கல, கட்டியைப் பாத்து எலும்பு என்ன செய்யுதுன்னு பாக்குது. இந்த ஒரு வரி மனசுல நின்னா மீதி எல்லாம் தானா வெளங்கும்.

அந்த லைட்டு எங்க இருந்து வருது

லைட்டுக்குப் பேரு டெக்னீஷியம்-99எம், அது கதிர் வீசுற ஒரு பொருள். லாரிக்குப் பேரு எம்டிபி, அது பாஸ்பேட் மாதிரி இருக்குற ஒரு சின்னப் பொருள். எலும்பைக் கெட்டியாக்குறது கால்சியமும் பாஸ்பேட்டும் சேந்த பொடிப் பொடி படிகம், அதனால புதுசா எலும்பு கட்டுற எடத்துல இந்த எம்டிபி போயி ஒட்டிக்குது. ஊசியில போனதுல ஏறக்குறைய பாதி எலும்புல ஒட்டும், மிச்சம் சிறுநீர்ல போயிடும். லைட்டும் லாரியும் சேந்ததை ட்ரேசர்னு சொல்லுவாங்க, அதாவது தடம் காட்டுற மருந்து. குணப்படுத்துற மருந்து இல்ல, சாயமும் இல்ல. சிடி ஸ்கேனுக்கு போடுற அயோடின் சாயத்துக்கு அலர்ஜி இருக்கு, இதுக்கும் வருமான்னு நெறைய பேரு கேக்குறாங்க, இது வேற பொருள், அலர்ஜி வர்றது ரொம்ப அபூர்வம்.

1971ல டெக்னீஷியத்தை பாஸ்பேட் வகையோட சேத்து எலும்பைப் படம் எடுக்கலாம்னு காட்டுனவங்க அமெரிக்காவுல வேலை செஞ்ச கோபால் சுப்ரமணியனும் ஜான் மெக்காஃபியும், 1975ல எம்டிபி வந்ததும் அவங்க குழு கையாலதான். நம்ம வீட்டுப் பேரு மாதிரி ஒரு பேரு இதுல இருக்குன்னு சொன்னதும் பெரியம்மா முகம் கொஞ்சம் தெளிஞ்சுது, அதனாலயே இதை விடாம சொல்றேன்.

இன்னொரு பெருமையும் நமக்கு இருக்கு. டெக்னீஷியம் ஆறு மணி நேரத்துல பாதியாக் கொறஞ்சிடும், இப்படிப் பாதியாகுற நேரத்தை அரை ஆயுள்னு சொல்றாங்க. ஆறு மணி நேரத்துல பாதி போயிடுற பொருளை எப்படி டப்பாவுல வெச்சு ஊர் ஊரா அனுப்புறது? அதனால அதோட தாயை, அதாவது கொஞ்சம் கொஞ்சமா டெக்னீஷியமா மாறுற பொருளை, அனுப்புறாங்க. தாய்க்குப் பேரு மாலிப்டினம்-99, அதோட அரை ஆயுள் 66 மணி நேரம். ஈயம் சுத்துன ஒரு பெட்டியில அது இருக்கும், அதுல இருந்து தெனமும் காலையில உப்புத் தண்ணி விட்டு டெக்னீஷியத்தை எடுப்போம், உலகம் பூரா எங்க தொழில்ல இதைப் பசு கறக்குறதுன்னுதான் சொல்லுவாங்க. அந்த மாலிப்டினம் உலகத்துக்கே போற எடங்கள்ல ஒண்ணு நம்ம நாட்டுலதான் இருக்கு, பிரிட்டோரியா பக்கத்துல பெலிண்டாபா. அங்க சஃபாரி-1னு ஒரு ரியாக்டர், அதாவது அணு உலை, 1965ல இருந்து ஓடுது. 2017 நவம்பர்ல அங்க உற்பத்தி நின்னப்ப வெளிநாட்டு ஆஸ்பத்திரிங்க கூட தட்டுப்பாட்டுல மாட்டுனாங்க, அவ்வளவு முக்கியமான எடம்.

கடைசியா, படம் எடுக்குற மிஷின். அதுக்கு காமா கேமரான்னு பேரு. எக்ஸ்ரே மிஷின் கதிரை உள்ள அனுப்பும், காமா கேமரா எதையும் அனுப்பாது. உங்க உடம்புல இருந்து வெளிய வர்ற கதிரை வாங்கிப் படமாக்குது, ஃபிளாஷ் இல்லாம போட்டோ எடுக்குற மாதிரி. அதனால எவ்வளவு நேரம் அதுக்குக் கீழ படுத்தாலும் கேமராவால ரேடியேஷன் ஏறாது.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கிக்கலாம்: எலும்பு எங்க புதுசா கட்டிக்குதோ அங்க ட்ரேசர் போயி ஒட்டும், அங்க இருந்து வர்ற கதிரை கேமரா வாங்கும், படத்துல அந்த எடம் கருப்பா அடர்த்தியாத் தெரியும். அப்படி அக்கம்பக்கத்தை விட அடர்த்தியாத் தெரியுற எடத்துக்குத்தான் ஹாட் ஸ்பாட்னு பேரு. சூடும் இல்ல, எரியிறதும் இல்ல.

ஹாட் ஸ்பாட் எல்லாம் கேன்சர் இல்ல

மாமா சொன்ன ‘மூணு லைட்டு, மூணு கேன்சர்’ங்குறது இங்கதான் ஒடையுது. அம்பது வயசு தாண்டுன யாரைக் கொண்டு வந்து படுக்க வெச்சாலும் முட்டியிலயோ தோள்பட்டையிலயோ கீழ் முதுகுலயோ ஏதாவது ஒரு எடம் அடர்த்தியாத் தெரியும், ஏன்னா மூட்டுத் தேய்மானத்துலயும் எலும்பு கட்டிக்கிட்டேதான் இருக்கும். விழுந்து கீறல் விட்ட விலா எலும்பு மாசக்கணக்கா அடர்த்தியா இருக்கும். எலும்பு தேஞ்சு போன பாட்டிங்களுக்கு தும்முனாலே ஒரு கணு நசுங்கும், அதுவும் ஸ்கேன்ல நல்லாத் தெரியும். பல்லு பிடுங்குன தாடை கூட தெரியும்.

நம்ம நாட்டுல இதோட டிபியையும் சேத்துக்கணும். தென்னாப்பிரிக்கா டிபி ரொம்ப அதிகமா இருக்குற நாடுங்கள்ல ஒண்ணு, டிபி நுரையீரலோட நிக்காது, முதுகெலும்புக்கும் வரும், கணுவை அரிச்சு கூன் விழ வெச்சிடும். போன் ஸ்கேன்ல அதுவும் கேன்சரும் ஒரே மாதிரித் தெரியலாம். ஒண்ணுக்கு மாசக்கணக்குல மாத்திரை, இன்னொண்ணுக்கு வேற வைத்தியம். அதனால ஸ்கேன் படத்தை மட்டும் கையில வெச்சுக்கிட்டு யாரும் உங்களுக்கு ‘இது கேன்சர்’னு முத்திரை குத்தக் கூடாது. ஊசி போட்டு அந்த எடத்துல இருந்து ஒரு துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்குற பயாப்ஸிதான் பேரு சொல்லும்.

அப்ப டாக்டருங்க எப்படிப் பிரிச்சுப் பாக்குறாங்க? எந்த எடத்துல, எந்த வடிவத்துல தெரியுதுங்குறதுல நெறைய விஷயம் இருக்கு. வரிசையா நாலு விலா எலும்புல ஒரே கோட்டுல புள்ளி புள்ளியா இருந்தா அது விழுந்த அடி. மூட்டோட விளிம்புல மட்டும் இருந்தா தேய்மானம். அங்கங்க ஒழுங்கே இல்லாம செதறி, முதுகெலும்பு, இடுப்பு, விலான்னு கலந்து இருந்தா அப்பதான் பரவியிருக்குன்னு சந்தேகம் பலமாகுது. இப்பல்லாம் ஸ்பெக்ட் சிடின்னு ஒண்ணு எடுக்குறோம், காமா கேமரா சுத்தி வந்து எடுக்குற படத்தையும் சிடி படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாக்குறது. லைட்டு கூடி நிக்குற எடம் எந்தத் தெரு, எந்த வீடு, எந்தச் செவருன்னு சொல்ற அளவுக்கு அது தெளிவு குடுக்கும். ஒரு கணுவோட முன் பக்கமா, பின்னாடி இருக்குற சின்ன மூட்டான்னு தெரிஞ்சாலே பாதி குழப்பம் தீந்துடும்.

லைட்டே இல்லைன்னா நிம்மதியா?

இதை ஜனங்க யாரும் கேக்குறதே இல்ல, ஆனா இதுதான் எனக்கு அதிகக் கவலை. இடிக்குறவன் வீட்டை இடிச்சதோட நிக்காம கொத்தனாரையும் வரவிடாம பண்ணிட்டா? லாரி வராது, லைட்டு தெரியாது, மேட்டுல நின்னு பாக்குற உங்களுக்கு அந்தத் தெரு அமைதியாத் தெரியும். மல்டிபிள் மைலோமான்னு ஒரு ரத்தப் புற்று எலும்பு மஜ்ஜையில வரும், அது அப்படித்தான் செய்யும், எலும்பைத் தின்னும், கட்டுற செல்லை அடக்கி வெச்சிடும். கிட்னி, தைராய்டு கேன்சர் பரவுறப்பவும் சில சமயம் இப்படி ஏமாத்தும். அதனால மைலோமா சந்தேகம்னா போன் ஸ்கேனை நம்பாம எம்ஆர்ஐ, சிடி, பெட் ஸ்கேன் பக்கம் போவாங்க. ‘போன் ஸ்கேன் கிளீன், ஒண்ணும் இல்ல’ன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, எந்த நோயைத் தேடுனாங்கன்னு கேளுங்க.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு, உடம்பு பூரா எல்லா எலும்புலயும் நோய் பரவியிருந்தா எல்லாமே ஒரே சீரா அடர்த்தியாத் தெரியும், தனியா எந்தப் புள்ளியும் இருக்காது, அவசரத்துல பாத்தா ரொம்ப அழகான படம் மாதிரி இருக்கும். ட்ரேசர் எல்லாம் எலும்பே இழுத்துக்குறதால கிட்னி மட்டும் படத்துல காணாமப் போயிருக்கும். அதை வெச்சுத்தான் கண்டுபிடிப்போம்.

வைத்தியம் ஆரம்பிச்ச கொஞ்ச மாசத்துல ஸ்கேன் எடுத்தா சில பேருக்கு முன்னை விட அதிகமாத் தெரியும். குடும்பமே அழுதுடும். ஆனா மருந்து வேலை செஞ்சு எலும்பு ஆறிக்கிட்டு இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், லாரிங்க ரிப்பேருக்கு வந்திருக்கு. கீமோவோ ஹார்மோன் மருந்தோ எப்ப ஆரம்பிச்சீங்கன்னு நாங்க தேதியோட கேக்குறது இதுக்குத்தான்.

அப்ப சர்ஜனுக்கு இதனால என்ன பிரயோஜனம்

‘என்ன நோய்’னு சொல்லாத, தண்டுவடத்தையும் காட்டாத ஒரு ஸ்கேனை ஆபரேஷனுக்கு முன்னாடி ஏன் கேக்கணும்? நியாயமான கேள்வி. தண்டுவடம் அமுங்கியிருக்கான்னு எம்ஆர்ஐ காட்டும். கணு ஒடையுற நெலமையில இருக்கான்னு சிடி காட்டும். போன் ஸ்கேன் பதில் சொல்றது ஒரே ஒரு கேள்விக்கு: இங்க மட்டுமா, வேற எங்கயாவது இருக்கா? ஒரே தடவையில தலை முதல் கால் வரைக்கும் பாக்குறது அதோட பலம். எக்ஸ்ரேயில தெரியணும்னா ஒரு எடத்துல எலும்புச் சத்து 30ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் போயிருக்கணும், போன் ஸ்கேன் அதுக்கு ரொம்ப முன்னாடியே காட்டிக் குடுத்துடும்.

அந்த பதில் ஏன் ஆபரேஷனையே மாத்துதுன்னு பாருங்க. தெருவுல ஒரே வீட்டுல தீன்னா அந்த வீட்டை முழுசா இடிச்சு எடுத்தாவது தெருவைக் காப்பாத்தலாம். தெரு பூரா தீன்னா ஒரு வீட்டை மட்டும் பத்து மணி நேரம் பாடுபட்டு எடுக்குறதுல அர்த்தம் இல்ல, ஜனங்க வெளிய வர வழி பண்ணிட்டு மத்ததை மருந்தும் கதிர் வைத்தியமும் பாத்துக்கும். முதுகெலும்புலயும் அதேதான். ஒரே கணுவுல மட்டும் நோய், கேன்சர் முதல்ல பொறந்த எடத்துலயும் அது அடங்கி இருக்கு, உடம்பும் தாங்கும்னா அந்தக் கணுவை முழுசா எடுக்குற பெரிய ஆபரேஷனைக் கூட சில பேருக்கு யோசிப்பாங்க. பல எடத்துல இருந்தா தண்டுவடத்து மேல இருக்குற அமுக்கத்தை எடுத்துட்டு, கம்பியும் ஸ்க்ரூவும் வெச்சு நிறுத்துற அளவோட நிப்பாங்க. ஜப்பான்ல டோகுஹாஷின்னு ஒரு டாக்டர் 1990ல ஒரு மார்க் முறை கொண்டு வந்தாரு, 2005ல திருத்துனாங்க, அதுல முதுகெலும்பு தவிர வேற எத்தனை எலும்புல நோய் இருக்குங்குறதுக்கும் மார்க் உண்டு: ஒண்ணுமே இல்லைன்னா 2, ஒண்ணு ரெண்டு இருந்தா 1, மூணும் அதுக்கு மேலயும்னா பூஜ்யம். இப்ப மருந்துங்க நல்லா முன்னேறியிருக்கு, அதனால அந்த மார்க்கை மட்டும் வெச்சு யாரும் முடிவு பண்றது இல்ல, ஆனா எத்தனை எடம்னு எண்ணிப் பாக்குற பழக்கம் போகல.

மாமா சொன்னாரே, மூணு எடம்னதும் கைய விரிச்சுட்டாங்கன்னு. அவங்க அண்ணனுக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, ஆனா பல எடத்துல இருக்குன்னாலே ஆபரேஷன் இல்லைன்னு கிடையாது. நடக்க வெக்கிறதுக்காக, வலியை நிறுத்துறதுக்காக செய்ற ஆபரேஷனும் உண்மையான ஆபரேஷன்தான். 2005ல வந்த ஒரு ஆராய்ச்சியில, தண்டுவடம் ஒரு எடத்துல அமுங்கின 101 பேரைப் பாத்தாங்க. ஆபரேஷனும் கதிர் வைத்தியமும் சேத்து செஞ்சவங்கள்ல 84 சதவீதம் பேரு அப்புறம் நடந்தாங்க, கதிர் வைத்தியம் மட்டும் எடுத்தவங்கள்ல 57 சதவீதம்.

இன்னும் ரெண்டு உபயோகம் இருக்கு, பேசப்படாதது. ஒண்ணு, முதுகை சரி பண்ணிட்டு நோயாளியை எழுப்பி நடக்க விடுற அன்னைக்கு தொடை எலும்பு பட்டுனு ஒடஞ்சா என்ன ஆகும்? அந்தத் தொடையில நோய் இருக்குறதை முதல்ல காட்டிக் குடுக்குறது பல சமயம் போன் ஸ்கேன்தான், அப்ப அதுக்கும் கம்பி வெச்சுட்டு எழுப்புவாங்க. ரெண்டாவது, பயாப்ஸி. தண்டுவடத்துக்குப் பக்கத்துல ஊசி விடுறதை விட இடுப்பு எலும்புல விடுறது சுலபம், அங்கயும் ஒரு ஹாட் ஸ்பாட் இருக்குன்னு தெரிஞ்சா அங்கயே எடுத்துக்கலாம்.

ஆக எம்ஆர்ஐ ஆழம் சொல்லும், சிடி பலம் சொல்லும், போன் ஸ்கேன் பரப்பு சொல்லும், பயாப்ஸி பேரு சொல்லும். சில எடத்துல போன் ஸ்கேனுக்குப் பதிலா பெட் ஸ்கேன் எடுப்பாங்க, அதுவும் இதே பரப்பைப் பாக்குற வேலைதான், வேற ட்ரேசர், இன்னும் தெளிவு, செலவு அதிகம்.

சின்னப் பசங்க முதுகுவலி

ஒரு வகைக் கட்டிக்கு மட்டும் இந்த ஸ்கேன் கிட்டத்தட்ட விரலை வெச்சே காட்டும். ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமான்னு பேரு, கேன்சர் இல்ல, பரவாது. பத்துல இருந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள பசங்களுக்கு அதிகம் வரும், ராத்திரியில முதுகு வலிக்கும், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை போட்டா அதிசயமா அடங்கும், வலியில முதுகு ஒரு பக்கம் கோணிக்கும். கட்டியோட கரு ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்காது, கணுவோட பின் பக்கத்துல ஒளிஞ்சிருக்கும், எக்ஸ்ரேயில தப்பிச்சிடும். ‘ஸ்கூலுக்குப் போகாம இருக்க சாக்கு சொல்றான்’னு வீட்டுல திட்டு வாங்குன பையனை நானே ஸ்கேன் பண்ணியிருக்கேன், அவன் முதுகுல ஒரே ஒரு புள்ளி, அவ்வளவு பளிச்னு. இந்தக் கட்டியை ஊசி வழியா சூடு வெச்சே பல பேருக்கு அழிச்சிடலாம், நரம்பு ரொம்பப் பக்கம்னா ஆபரேஷன். ஆபரேஷன் அன்னைக்கே ட்ரேசர் ஊசி போட்டு, தியேட்டர்ல கையில பிடிக்குற ஒரு சின்னக் கருவியை எலும்பு மேல நகத்தி, எங்க சத்தம் அதிகமா வருதோ அங்க கட்டின்னு கண்டுபிடிக்குற முறையும் உண்டு.

ஸ்கேன் அன்னைக்கும், ரேடியேஷன் பயமும்

காலையில சாப்பிட்டுட்டே வரலாம், பட்டினி வேணாம். வழக்கமான மாத்திரைங்களை நிறுத்தணும்னு பெரும்பாலும் இல்ல, வர்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. கையில ஒரு ஊசி, அப்புறம் ரெண்டுல இருந்து நாலு மணி நேரம் வெளிய இருந்துட்டு வரச் சொல்லுவோம், அதுக்குள்ள நல்லாத் தண்ணி குடிச்சு அடிக்கடி சிறுநீர் போகணும், மூத்திரப்பை நெறைஞ்சிருந்தா அது இடுப்பு எலும்பை மறைச்சிடும். படம் எடுக்க அரை மணி நேரம் போல, ஸ்பெக்ட் சிடி சேந்தா இன்னும் கொஞ்சம். ஆடாம படுக்கணும், அதுதான் முதுகு வலி இருக்குறவங்களுக்குக் கஷ்டம், அதனால வலி மாத்திரையை முன்னாடியே போட்டுக்க முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க, முட்டிக்குக் கீழ தலகாணி வைக்கச் சொல்லி எங்களைக் கேளுங்க, தயங்காதீங்க.

ஆன்ட்டி சொன்ன ரேடியேஷன் பயத்தை நான் லேசா எடுத்துக்கல. ரேடியேஷன் உண்மைதான். ஒரு போன் ஸ்கேன்ல ஏறக்குறைய 3ல இருந்து 5 மில்லிசீவர்ட் (உடம்புல ஏறுற கதிரை அளக்குற கணக்கு), சும்மா பூமியில வாழ்றதுக்கே வருஷத்துக்கு சராசரியா 2.4 மில்லிசீவர்ட் மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் வருது. அதாவது ஏறக்குறைய ஒண்ணுல இருந்து ரெண்டு வருஷத்து இயற்கைக் கதிர் அளவு, ஒரே நாள்ல. ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்ற ஒரு ஸ்கேனுக்கு அது ஞாயமான விலைன்னு நான் நெனைக்கிறேன், எங்க குடும்பத்துக்கும் அதேதான் சொன்னேன். அரை ஆயுள் ஆறு மணி நேரங்குறதால அடுத்த நாள் இதே நேரத்துக்கு பதினாறுல ஒரு பங்குதான் மிஞ்சும், சிறுநீர்ல போறதை சேத்தா அதை விடவும் கம்மி. அன்னைக்கு ஒரு நாள் கைக்குழந்தையையும் கர்ப்பமா இருக்குறவங்களையும் ரொம்ப நேரம் ஒட்டி உக்கார வேணாம், டாய்லெட்டை ரெண்டு வாட்டி ஃப்ளஷ் பண்ணுங்க, கையைக் கழுவுங்க. நீங்களே கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலோ, தாய்ப்பால் குடுத்துக்கிட்டு இருந்தாலோ ஊசிக்கு முன்னாடியே சொல்லிடணும்.

ஒரே ஒரு நெலமையில மட்டும் போன் ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. காலு ரெண்டும் பலம் இழக்குது, தொடைக்கு நடுவுல மரத்துப் போச்சு, சிறுநீர் வரல, இல்ல தெரியாமலே போகுதுன்னா தண்டுவடம் அமுங்குதுன்னு அர்த்தம். அப்ப மணிக்கணக்குதான், நேரா கேஷுவால்டிக்குப் போயி எம்ஆர்ஐ கேளுங்க.

பெரியம்மா படத்துல என்ன இருந்துச்சு

மூணு ஹாட் ஸ்பாட். அந்த மாமா எண்ணுன அதே மூணு. ஒண்ணு முதுகுல பத்தாவது நெஞ்சுக் கணு, ஒண்ணு வலது முட்டி, ஒண்ணு இடது பக்கம் எட்டாவது விலா எலும்பு. முட்டியை நாங்க யாரும் பெருசா எடுத்துக்கல, இருபது வருஷத்து வலி அது. விலா எலும்புதான் எல்லாரையும் யோசிக்க வெச்சுது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததை அவங்க யாருகிட்டயும் சொல்லல, தனியா இருக்க விட மாட்டாங்கன்னு பயம். நான் பக்கத்துல உக்காந்து, “பெரியம்மா, எங்கயாச்சும் விழுந்தீங்களா, நெசமா சொல்லுங்க”ன்னு கேட்டப்பதான் சொன்னாங்க. ஸ்பெக்ட் சிடியில அந்த எடத்துல ஆறிக்கிட்டு இருக்குற கீறல் தெளிவாத் தெரிஞ்சுது. ஆக நோய் இருந்தது ஒரே கணுவுல. பயாப்ஸியில பழைய மார்புக் கேன்சர்தான்னு வந்துச்சு, சர்ஜன் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாரு.

ஸ்கேன் முடிஞ்சு வெளிய வந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி, பேரப்புள்ளைய எப்ப தூக்கலாம்ங்குறதுதான். நாளைக்குக் காலையில தூக்கிக்கோங்கன்னு சொன்னேன், தூக்கிக்கிட்டாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம், கம்பி நல்லாப் பிடிக்கிற வரைக்கும் கனம் எதையும் தூக்கக் கூடாதுன்னு சர்ஜன் சொல்லிட்டாரு, அதனால இப்ப குழந்தையைக் கொண்டு போயி அவங்க மடியில உக்கார வெக்கிறோம்.